உள்ளேயிருந்து திறக்கிற பூட்டு

தம்பிக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கணும். கேக்கல. நீ நல்லாத்தான் இருப்ப, நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குற ஆளு நீ. போன்ல ரெண்டு தடவை இந்தப் பேச்சை எடுத்தேன். ரெண்டு தடவையும் "ஷோரூம்ல கஸ்டமர் நிக்கிறாரு, அப்புறம் பேசுறேம்பா"ன்னு வச்சுட்ட. லெட்டருக்கு அப்படிச் சொல்ல முடியாது. பாதியில மடிச்சு வைக்கலாம், கிழிச்சும் போடலாம், அது உன் இஷ்டம். ஆனா எழுதுறவன் வாயை நடுவுல அடைக்க முடியாது. அறுபத்தாறு வயசுக்காரன் எழுத்து, கோணலாத்தான் வரும், பொறுத்துக்க.

உனக்குப் பையன் பிறந்து இன்னியோட பதினோரு நாள். நேத்து நானும் உங்க அம்மாவும் பண்ருட்டி போய், புவனாவையும் குழந்தையையும் பார்த்துட்டு வந்தோம். அவுங்க அம்மா வீட்டுல நல்லாத்தான் இருக்காங்க. ஆடி கழிஞ்சு ஆவணியில நல்ல நாள் பார்த்து நீ வந்து ரெண்டு பேரையும் சிதம்பரத்துக்கு அழைச்சுக்கிட்டுப் போறதா பேச்சு. அந்த நாளுக்கு முன்னாடி உன் வீட்டு வாசக்கதவுல இருக்கிற பூட்டை நீ கழட்டணும். இத்தனை பக்கத்துல நான் உன்கிட்ட கேக்கப்போறது அந்த ஒண்ணுதான். இந்த லெட்டரோட ஒரு பார்சல் வருது, அதுல புதுப் பூட்டு இருக்கு. நாலு ஸ்க்ரூ, அரை மணி நேர வேலை. நீ செய்வேன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. இருந்தாலும் எழுதுறேன்.

போன ஆடி மாசம் நீ போன் பண்ணி, "அப்பா, வாசக்கதவுப் பூட்டு ரிப்பேரு, ரெண்டாவது சுத்து விழ மாட்டேங்குது, வந்து பாருங்க"ன்னு சொன்ன. எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு உனக்குத் தெரியாது. கடலூர் சிப்காட்ல முப்பத்து நாலு வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தவன் நான். ரிட்டையர் ஆனதுலேர்ந்து தேவனாம்பட்டினம் ரோட்டுல பாதிப் பேர் வீட்டுப் பூட்டுக்கு நான்தான் வைத்தியம். கடல்காத்து இரும்பை விடுமா? ஆறு மாசத்துல உள்ள இருக்கிற ஸ்பிரிங் பொடிப்பொடியா கொட்டும். நம்ம ஜனங்க வேற, பூட்டு கொஞ்சம் இறுகினாப் போதும், தேங்கா எண்ணெயைக் கொண்டாந்து ஊத்திடுவாங்க. தலைக்கு வைக்கிற எண்ணெய் பூட்டுக்கு ஆகுமா? மார்கழியில உறைஞ்சு, தூசியைப் பிடிச்சு, வெல்லப்பாகு மாதிரி ஆயிடும். படிச்ச பையன், ஷோரூம்ல ரெண்டு சேல்ஸ் பொண்ணுங்களுக்கும் டெலிவரி வண்டிக்காரங்களுக்கும் மேனேஜரா இருக்கிறவன், நீயும் அதைத்தான் ஊத்தி வச்சிருந்த. பையைத் தூக்கிக்கிட்டு சிதம்பரம் பஸ் ஏறும்போது, நம்ம பையனுக்கு இன்னும் நம்ம தயவு தேவைப்படுதேன்னு நெஞ்சு நிமிந்துதான் போனேன்.

அந்த மாதிரிப் பூட்டு உனக்கே தெரியும். கதவுக்கு உள்பக்கம் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். வெளியே சாவி, உள்ளே ஒரு குமிழ். சாவியை ஒரு சுத்து சுத்தினா நாக்கு பாதி வெளிய வந்து நிலைச்சட்டத்துக் குழியில விழும். வெளியாளு வர முடியாது, ஆனா உள்ள இருக்கிறவங்க குமிழைத் திருப்பித் திறந்துக்கலாம். ரெண்டாவது சுத்து சுத்தினா நாக்கு முழுசா விழும், அப்ப உள்ள இருக்கிற குமிழும் திரும்பாது. ஊருக்குப் போறவங்க வீட்டைப் பூட்டிட்டுப் போறதுக்காக வச்ச வசதி அது. ரெண்டாவது சுத்து உனக்கு எதுக்குன்னு நான் கேக்கல. எண்ணெயைத் துடைச்சேன், பென்சில் கரியைச் சுரண்டிப் போட்டேன், சாவியில பிசிறு இருந்துது, அரம் போட்டேன். அப்பவும் விழல. அப்புறம்தான் நிலைச்சட்டத்துக் குழியைப் பார்த்தேன்.

குழி நிறைய ஈர்க்குச்சி. துடைப்பத்துலேர்ந்து உருவின குச்சி, ஒரே அளவா ஒடிச்சு, ஒண்ணு பக்கத்துல ஒண்ணா நெருக்கமா சொருகியிருந்துது. நாக்கு பாதிக்கு மேல போக வழியில்லாதபடி. குப்பை தானா வந்து அடைஞ்சா அப்படி ஒரே அளவுல ஒடிஞ்சு நிக்காது. முப்பத்து நாலு வருஷம் மிஷினைப் பிரிச்சுப் பார்த்தவனுக்கு அது தெரியாமப் போகுமா? தெரிஞ்சுது. ஆனா வேலை முடிஞ்ச பெருமை இருக்கு பாரு, அது கண்ணை மறைச்சுடும். அவ்வளவையும் உருவி உள்ளங்கையில வச்சு, "பாருடா, இதான் உன் ரிப்பேரு"ன்னு உன்கிட்ட நீட்டினேன். நீ குச்சியைப் பார்க்கல. புவனாவைப் பார்த்த. அவ காபி டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு தரையைப் பார்த்துக்கிட்டு நின்னா.

அதோட விட்டேனா? விடல. வேலையை சோதிச்சுப் பார்க்காம எழுந்தா நான் ஃபிட்டரா? நீயும் நானும் வெளிய வந்து கதவைச் சாத்தினோம். ரெண்டு சுத்து சுத்தினேன், வெண்ணெய் மாதிரி விழுந்துது. "புவனா, உள்ளேயிருந்து குமிழைத் திருப்பிப் பாரும்மா, திரும்புதா?"ன்னு கத்தினேன். குமிழை ரெண்டு தடவை அசைக்கிற சத்தம் கேட்டுது. அப்புறம், "திரும்பல மாமா"ன்னா. "சரியாயிடுச்சு"ன்னு நான் சொன்னேன். இந்த வாயால நான் சொன்ன வார்த்தை அதுதான்.

வீட்டுக்கு வந்து உங்க அம்மாகிட்ட இதை ஒரு வேடிக்கை மாதிரிதான் சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. கையை நிறுத்தல. "அவளுக்காவது ஈர்க்குச்சி எட்டுச்சு. நீங்க வெளிய தொங்க விட்ட பூட்டுக்கு என் கை எட்டல"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்துல அந்தப் பூட்டைப் பத்தி அவ பேசின முதல் பேச்சு அது.

நீ சின்னப் பையன், உனக்கு அது வீட்டு வழக்கமாத்தான் தெரிஞ்சிருக்கும். நான் ஷிஃப்டுக்குப் போறப்ப வெளிய கொண்டியைப் போட்டு ஏழு லிவர் பூட்டைத் தொங்க விட்டுட்டுப் போவேன். பொம்பளை தனியா இருக்கா, பயம், அதான் காரணம்னு சொல்லிப்பேன். யார் மேல பயம்னு என்னை ஒருத்தரும் கேட்டதில்ல, நானும் கேட்டுக்கிட்டதில்ல. தெருவுல இன்னும் நாலு வீட்டுல அப்படித்தான். காய்கறிக்காரம்மா ஜன்னல் கம்பி வழியா வெண்டைக்காயைக் கொடுக்கும், உங்க அம்மா கம்பி வழியா சில்லறையைக் கொடுப்பா. நீ ஸ்கூல் போக ஆரம்பிச்சதும் ரெண்டாவது சாவியைக் கறுப்புக் கயித்துல கோத்து உன் கழுத்துல மாட்டினேன். "உள்ள வந்தா திறந்து வா, வெளிய போனா அம்மாவைப் பூட்டிட்டுப் போ, பூட்டினதும் இழுத்துப் பாரு, நான் சொல்லாம யாருக்கும் திறக்காத." வேற அப்பனுங்க பையனுக்கு நீச்சல் கத்துக் கொடுத்தானுங்க, சைக்கிள் கத்துக் கொடுத்தானுங்க. நான் உனக்குக் கத்துக் கொடுத்தது இது.

உனக்கு ஒன்பது வயசு. வடலூர்ல உங்க அம்மாவைப் பெத்தவரு காலையில பத்து மணிக்குத் தவறிட்டாரு. சேதி சொல்ல வந்தவரு நம்ம வீட்டு ஜன்னல்ல நின்னுதான் சொன்னாரு. உங்க அம்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா. நான் கம்பெனியில, அப்ப ஏது செல்போன். பக்கத்து வீட்டுக்காரரு சைக்கிளை எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போய் உன்னைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. தெருவே வாசல்ல நின்னுது. உன் கழுத்துல சாவி. உள்ளே அவ அழுவுறா. நீ கயித்தைக் கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "அப்பா சொல்லல, திறக்க மாட்டேன்"னு நின்னுட்ட. பிடுங்கலாம்தான். அவுங்களும் என் குணம் தெரிஞ்சவங்க, பிடுங்கல. நான் ஷிஃப்டு முடிஞ்சு மூணு மணிக்கு வந்து திறந்து, வடலூர் போய்ச் சேர்றதுக்குள்ள தூக்கிட்டாங்க. அவரு முகத்தை உங்க அம்மா பார்க்கல.

அன்னிக்கு உன் மேல தப்பே இல்ல, அதை முதல்ல தெரிஞ்சுக்க. ஒன்பது வயசுப் பையன் அப்பன் பேச்சைக் கேட்டான், அவ்வளவுதான். தப்பு அதுக்கப்புறம் நடந்துது, அதைச் செஞ்சவன் நான். காரியமெல்லாம் முடிஞ்சு ஊருக்குத் திரும்பினப்ப, பஸ் ஸ்டாண்டுல உனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்து, "என் பையன்டா நீ, ஊரே வந்து நின்னாலும் அசையல பாரு"ன்னு தலையைத் தடவினேன். உங்க அம்மா பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தா. நீ என்னை அண்ணாந்து பார்த்துச் சிரிச்ச. ஒரு பையனை நாசம் பண்ண அடிக்க வேணாம், திட்ட வேணாம், தப்பான நேரத்துல ஒரு தடவை மெச்சினா போதும்.

ஐப்பசியில ஒரு புதன்கிழமை நான் உன் வீட்டுக்கு வந்தேன். இது உனக்குத் தெரியாது. நீ ஷோரூமுக்குப் போன அப்புறம், பதினோரு மணி வாக்குல வந்தேன். ஆடியில அரம் போட எடுத்த மூணாவது சாவி என் பையிலயே தங்கிட்டுது. ரெண்டு சுத்து போட்டிருந்துது, திறந்தேன். புவனா அடுப்படியிலேர்ந்து கரண்டியோட ஓடி வந்தா, நீன்னு நெனைச்சுட்டா. முகத்துல ரத்தமே இல்ல. "நான்தாம்மா"ன்னு சொல்லி, பேப்பரை விரிச்சு, பூட்டைக் கழட்டி அது மேல வச்சேன். கதவுல ஓட்டை மட்டும்தான் இருந்துது. கதவை அகலமா திறந்து விட்டு, "புறப்படும்மா, கடலூருக்குப் போவோம், இல்ல பண்ருட்டிக்குக் கொண்டுபோய் விடுறேன்"னேன்.

அவ நிலைப்படிக்கு உள்ளேயே நின்னா. மாடிப்படி தெரியுது, கீழே தெருவுல கோயிலுக்குப் போற ஜனம் தெரியுது, ஆட்டோ சத்தம் கேக்குது. ஒரு கால் எடுத்து வைக்கல. "மாசமா இருக்கேன் மாமா, ரெண்டு மாசம்"னா. "நல்லதும்மா, அதுக்காகத்தான் சொல்றேன்"னேன். அப்புறம் அவளா சொன்னா. நான் ஈர்க்குச்சியைக் காட்டின அன்னிக்கு நீ அவளை ஒண்ணும் கேக்கலையாம். திட்டலையாம். பன்னண்டு நாள் ஒரு வார்த்தை பேசலையாம். பதிமூணாம் நாள் வீட்டுல இருந்த துடைப்பத்தை எல்லாம் தூக்கிக்கிட்டுப் போய்ப் போட்டுட்டு, பிளாஸ்டிக் துடைப்பம் வாங்கிக்கிட்டு வந்து மூலையில வச்சியாம். அவ்வளவுதான். "அடிச்சிருந்தாக்கூட அம்மாகிட்ட காட்டலாம் மாமா. இதை யார்கிட்ட என்னான்னு சொல்றது?"ன்னு என்னையே கேட்டா.

நான் கொண்டுபோயிருந்த புதுப் பூட்டைப் பையிலேர்ந்து எடுத்தேன். வெளியே எத்தனை சுத்து சுத்தினாலும் உள்ளே குமிழ் திரும்புற பூட்டு. அவ கையைக் கூப்பினா. "வேணாம் மாமா. அவரு சாயங்காலம் வந்து சாவி போட்டதுமே தெரிஞ்சுடும். நீங்க போயிடுவீங்க, நான்தான் இருக்கணும். பழசையே மாட்டிருங்க." ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தேன். கெஞ்சினேன்னே சொல்லலாம். நடுவுல நடுவுல மணியைப் பார்த்துக்கிட்டா, நீ சாப்பாட்டுக்கு வந்துடுவியோன்னு. கடைசியில அந்தப் பழைய பூட்டையே, அதே ஸ்க்ரூவைப் போட்டு மாட்டினேன். வெளிய வந்து கதவைச் சாத்தினேன். நீ போட்டிருந்த மாதிரியே ரெண்டு சுத்து சுத்தினேன். பழக்கம், இழுத்தும் பார்த்தேன். திரும்பி வர்றப்ப கம்பெனி வாசல்ல பஸ் நின்னுது. முப்பத்து நாலு வருஷம் நான் இறங்கின ஸ்டாப்பு. முகத்தைத் துண்டால மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் எழுதினா உன் கோவம் அவ மேல பாயும்னு தெரியாம எழுதல. நேத்து பண்ருட்டியில அவகிட்ட கேட்டேன், எழுதட்டுமாம்மான்னு. "எழுதுங்க மாமா. எழுதலன்னாலும் அதேதானே"ன்னு சொல்லிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கத் திரும்பிட்டா. அவ அண்ணனையும் தனியா கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "என்னா மாமா நீங்க, மாப்ள குடிக்கிறதில்ல, கை நீட்டுறதில்ல, சம்பளத்தைக் கொண்டாந்து வீட்டுல கொடுக்கிறாரு. பூட்டிட்டுப் போறதெல்லாம் ஒரு குத்தமா? நானும்தான் பூட்டிட்டுப் போறேன்"னு சிரிச்சான். அவன் பொண்டாட்டி எங்களுக்கு டீ கொண்டாந்து வச்சுட்டு உள்ளே போனா. அந்த வீட்டுலயும் இவளுக்கு வழி இல்லன்னு அப்பவே புரிஞ்சுடுச்சு. போலீஸு, கோர்ட்டுன்னு யோசிக்காம இல்ல. புவனா வரணும்ல? அவ வாசப்படியே தாண்ட மாட்டேங்கிறா.

அதனால சுத்திச் சுத்தி உன்கிட்டத்தான் வந்து நிக்கிறேன். கேஸ் கசிஞ்சா என்ன ஆகும், கரண்டுல தீப்பிடிச்சா என்ன ஆகும்னு போன்ல நீ வைக்கிறதுக்குள்ள கேட்டதுக்கு, "போன் இருக்குல்லப்பா, அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்"ன்ன. நானும் முப்பது வருஷம் அப்படித்தான் நெனைச்சேன், ஒண்ணும் ஆகலையே, தீப்பிடிக்கலையே, திருடன் வரலையேன்னு. ஆனது என்னான்னு கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். உனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம்தான் ஆகுது. ரெண்டு வருஷத்தைத் திருப்பிடலாம்னு நெனைக்கிறேன், நிச்சயமா தெரியாது. முப்பது வருஷத்தைத் திருப்ப முடியாது, அது மட்டும் நிச்சயமா தெரியும். இப்ப உனக்கும் ஒரு பையன். அஞ்சாறு வருஷத்துல அவனும் ஸ்கூலுக்குப் போவான். அவன் கழுத்துல நீ என்னத்தை மாட்டப்போறன்னு நெனைச்சாத்தான் எனக்கு சோறு இறங்க மாட்டேங்குது.

பார்சல்ல பூட்டோட மூணு சாவி இருக்கு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு புவனாவுக்கு, ஒண்ணு எதுக்காவது வீட்டு ஓனர்கிட்ட கொடுத்து வை. பழைய ஸ்க்ரூ ஓட்டை கொஞ்சம் பெருசாயிருக்கும், தீக்குச்சியை உடைச்சுச் சொருகிட்டு முடுக்கு, பிடிச்சுக்கும். எண்ணெய் ஊத்தாத. நாக்கும் குழியும் நேரா இருக்கான்னு கதவைச் சாத்தாம ஒரு தடவை, சாத்தி ஒரு தடவை பாரு. சோதிக்கிறப்ப நீ உள்ளே நில்லு. ரெண்டு சுத்து போட்டு வெளிய யாரையாவது நிக்கச் சொல்லிட்டு, நீ உள்ளே நின்னு குமிழைத் திருப்பிப் பாரு. இதைச் செய்யச் சொல்லி உன் கால்ல விழணும்னாலும் விழுவேன். விழுந்தாலும் நீ செய்ய மாட்டேன்னுதான் தோணுது. உன்னை வளர்த்தவன் நான், உன் பிடிவாதம் எங்கேயிருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியாதா?

இது வரைக்கும் எழுதினதை இன்னிக்குக் காலையில உங்க அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். வடலூர் விஷயம் வந்தப்ப ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. முழுசும் கேட்டுட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, போய்ப் போட்டுட்டு வாங்க"ன்னா. நான் சட்டையை மாட்டிக்கிட்டு, பார்சலை எடுத்துக்கிட்டு, கதவைத் திறந்து போட்டுட்டு வெளிய இறங்கினேன். நான் ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஆச்சு, வெளியே பூட்டுத் தொங்க விடுறதை விட்டும் எட்டு வருஷம் ஆச்சுன்னு நான் பெருமையா நெனைச்சுக்கிட்டு இருந்தேன். பெரும்பாலும் வீட்டுலயே கிடக்கிறவன், வெளிய போனாலும் பக்கத்து வீட்டம்மா துணைக்கு வந்து உட்காரும், அதனால பூட்ட வேண்டிய வேலையே வரலைங்கிறதை யோசிக்கல. இன்னிக்கு அந்தம்மா ஊர்ல இல்ல. தெருமுனை போறதுக்குள்ள, "என்னங்க, என்னங்க"ன்னு சத்தம். திரும்பிப் பார்த்தா வாசப்படிக்கு உள்ளேயே நின்னு கூப்பிடுறா. "திறந்து போட்டுட்டுப் போறீங்களே, நான் தனியா எப்படி இருப்பேன்? பயமா இருக்குங்க. பூட்டிட்டுப் போங்க"ன்னா. "நீயே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கயேன்"னேன். "எனக்கு அது போட்டுப் பழக்கமில்ல. நீங்களே பூட்டுங்க"ன்னா.

பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். சாவி என் சட்டைப் பையில இருக்கு. இந்தக் கடைசி வரிகளை போஸ்ட் ஆபீஸ் மேஜையில நின்னு எழுதுறேன். பார்சல் கவுண்டர்ல எனக்கு முன்னாடி ஏழு பேரு நிக்கிறாங்க, உங்க அம்மா உள்ளே இருக்கா, சீக்கிரம் போகணும்.

அப்பா